“மெதுவாக வேலை செய்கிறார்” என்று ஒரு மெமோ

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால், அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவரைத்தான் முதலில் திட்டுகிறார்கள். எங்கள் கம்பெனியில் அப்படித் திட்டு வாங்கியது லேபில் வேலை பார்த்த ஒரு பெண். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும் என்றும் தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பைக் காய்ச்சி அடித்து வண்டிகளுக்குப் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் நான் சிஸ்டம் அட்மின். மணவாள நகரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பெரியபாளையம் வழியாகப் போய் வருகிறேன். ஆடி மாதத்தில் கோயில் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டால் அன்றைக்குப் பாதி காலை ரோட்டிலேயே போய்விடும். பிளான்ட்டில் கம்ப்யூட்டர் சம்பந்தமாக எது நின்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் நான் என்ன செய்கிறேன் என்று யாருக்கும் ஞாபகம் வராது. அது பழகிவிட்டது.

அந்தப் பெண் உலோகவியலில் டிப்ளமோ படித்தவள். கவரைப்பேட்டைக்கு உள்ளே ஒரு கிராமம். பெரிய சுத்தியல்கள் அடிக்கும் ஷெட்டைத் தாண்டி, காம்பவுண்ட் ஓரத்தில் இருக்கிற லேபில் பகல் ஷிப்ட் அவளுடையது. வெளியே போகிற சரக்கில் விரிசல் இருக்கிறதா, உள்ளே இரும்பின் அமைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, படம் எடுத்து, அந்தப் படங்களை அனுப்ப வேண்டும். லேபில் இருந்தது லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர். படங்கள் போய்ச் சேர வேண்டியது ஆபீஸ் கட்டடத்தில் இருந்த பழைய யூனிக்ஸ் சர்வர். அங்கே படங்களைச் சேர்த்துத்தான் சோதனைச் சான்றிதழ் தயாராகும். சான்றிதழ் இல்லாமல் எந்த லாரியையும் கேட்டில் விடமாட்டார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து பிரச்சினை ஆரம்பித்தது. அதற்கு முன்னால், அனுப்பு என்று தட்டிவிட்டு அவள் அடுத்த துண்டை எடுத்து வைப்பதற்குள் படம் போய்விடும். இப்போது திரையில் கோடு நகரவே மாட்டேன் என்றது. கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி கொஞ்சம் நகரும். சில சமயம் பாதியில் அறுந்துவிடும். முதலிலிருந்து அனுப்ப வேண்டும். கேட்டுக்கு உள்ளே லாரிகள் வரிசை கட்ட ஆரம்பித்தன.

ஒரு நாள் பிளான்ட் மேனேஜர் நேராக லேபுக்கே வந்தார். நான் அப்போது அங்கே இல்லை. பின்னால் அவளும் சொன்னாள், அங்கே நின்றிருந்த, சரக்கைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர்களும் சொன்னார்கள்.

“என்னம்மா பண்றே? ஒரு போட்டோ அனுப்ப இவ்வளவு நேரமா?”

“அனுப்பிட்டேன் சார். அது போய்க்கினேதான் இருக்குது.”

“மத்த சிஸ்டம்லாம் நல்லாத்தானே ஓடுது? உன்னோடது மட்டும் எப்படி ஸ்லோவாகும்?”

“அதான் சார் எனக்கும் தெரியல. சிஸ்டம் அக்காவக் கூப்பிட்டுக் கேக்கறேன்.”

“கேக்கறதெல்லாம் அப்புறம். போனைப் பார்க்கறதை விட்டுட்டு வேலையப் பாரு.”

அவள் கையில் போனே இல்லை. லேபுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. எல்லாருடைய போனும் வாசலில் ஒரு டப்பாவில் கிடக்கும். அது அவருக்கும் தெரியும், ஏனென்றால் அந்த விதியைப் போட்டவரே அவர்தான்.

அவள் என்னைக் கூப்பிட்டாள், போனேன். முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். லேபிலிருந்து சர்வருக்கு பிங் அடித்தேன். பிங் என்பது, இருக்கிறாயா என்று கேட்டு, இருக்கிறேன் என்ற பதிலை வாங்குவது. பதில் சுத்தமாக வந்தது. ஆனால் பிங் ஒரு சின்னத் துணுக்கு. அது போய்த் திரும்பிவிட்டால் பெரிய படமும் ஒழுங்காகப் போகும் என்று அர்த்தமில்லை. இது இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

சென்னை ஹெட் ஆபீஸில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியருக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை. போன் பண்ணினேன்.

“இங்கேருந்து பிங் நல்லா வருதே மேடம்.”

“பிங் எனக்கும் வருது சார். பெரிய ஃபைல் போகலை.”

“அப்போ நெட்வொர்க் பக்கம் ஒண்ணும் இல்லை. யூசர் என்ன பண்றாங்கன்னு பாருங்க.”

நான் பதிந்திருந்த புகாரை அவர் மூடிவிட்டார். நான் மறுபடி திறந்தேன். அவர் மறுபடி மூடினார்.

அடுத்த சில நாட்கள் கிடைத்த நேரத்தில் எல்லாம் லேபில்தான் இருந்தேன். ஒரு படத்தை அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகல் எடுத்துப் பார்த்தேன், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. ஆக டிஸ்க் நன்றாக இருக்கிறது. ஆபீஸ் கட்டடத்தில் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து அதே சர்வருக்கு அதே படத்தை அனுப்பினேன், உடனே போனது. ஆக சர்வர் மேலும் தப்பில்லை. சுத்தியல் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் அந்த ஷெட் முழுக்க அதிரும். அந்த அதிர்வில் ஒயர் முனை லூசாகியிருக்கும் என்று எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போய்ப் புது கேபிளே இழுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் அவளுடைய கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, அதே ஒயரில் என் லேப்டாப்பை மாட்டி அனுப்பினேன். அதுவும் அப்படியே ஊர்ந்தது.

“உன் மெஷினும் இல்ல, நீயும் இல்ல” என்றேன்.

“அத மேனேஜராண்ட சொல்லுங்கக்கா. எனக்குத் தெரியும்” என்றாள்.

சொன்னேன். மெயிலாகவும் எழுதினேன். நான் செய்த ஒவ்வொரு சோதனையும் அதில் இருந்தது. மேனேஜர் அதை ஹெட் ஆபீஸுக்குத் திருப்பிவிட்டார். ஹெட் ஆபீஸ், பிங் சரியாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதியது. அத்தோடு அந்த மெயிலின் கதை முடிந்தது.

அதற்கு அடுத்த வாரம் அவளுக்கு மெமோ வந்தது.

கேன்டீனில் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு என்னிடம் நீட்டினாள். ஆங்கிலத்தில் இருந்தது. அவர் தொடர்ந்து மெதுவாக வேலை செய்வதால் சரக்கு வெளியே போவது பாதிக்கப்படுகிறது, இதற்குத் தகுந்த விளக்கம் தர வேண்டும், இல்லாவிட்டால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று சாரம். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“எங்கம்மா நடவு நட்டவங்கக்கா. கூட எறங்குன பொம்பளைங்க பாதி வயல்ல நிக்கறப்பவே எங்கம்மா வரப்புக்கு வந்துடுவாங்க. அவங்க பொண்ணப் போய் ஸ்லோன்னு எழுதிக்கிறாங்க பாருங்க” என்றாள். பேப்பரை வாங்கி நான்காக மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டாள்.

என்னால் அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை. நேராக லேபுக்குப் போனேன். இத்தனை நாள் ஃபைல் போகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அந்தக் கம்ப்யூட்டருக்கும், அதன் ஒயர் போய்ச் சேருகிற நெட்வொர்க் பெட்டியான சுவிட்ச்சுக்கும் நடுவே இணைப்பு எப்படி இருக்கிறது என்று அந்த மெஷினையே கேட்கவில்லை. அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. தட்டினேன். வேகம் சரி. ஆனால் அதற்குக் கீழே, இணைப்பு ‘ஹாஃப்’ என்று வந்தது. ‘ஃபுல்’ என்று வந்திருக்க வேண்டும். கூடவே மோதல்கள் என்று ஒரு எண்ணிக்கை, நான் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டே போனது.

அதன் அர்த்தம் இது. ஒயரின் ஒரு முனையில் கம்ப்யூட்டர், மறுமுனையில் சுவிட்ச். ஃபுல் என்றால் போன் மாதிரி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம். ஹாஃப் என்றால் வாக்கி டாக்கி மாதிரி, ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் பேச வேண்டும். இரண்டு முனையும் தாங்களே பேசி எப்படி என்று முடிவு செய்துகொள்ளட்டும் என்று ‘ஆட்டோ’வில் விட்டுவிட்டால் ஒரு வம்பும் வராது. யாராவது ஒரு முனையை மட்டும் ஃபுல் என்று பூட்டிவிட்டால், அது மறுமுனையோடு கலந்து பேசாது. மறுமுனைக்கு ஒன்றும் தெரியாமல், பாதுகாப்புக்கு ஹாஃபில் இறங்கிக்கொள்ளும். அப்புறம் இது பேசும்போது அது குறுக்கே பேசும். பிங் மாதிரிச் சின்னச் சேதி தப்பித்துப் போய்விடும். படம் மாதிரிப் பெரியது மோதி உடைந்து, மறுபடி மறுபடி அனுப்பப்படும். அதே சுவிட்ச்சில் இருந்த வருகைப் பதிவு மெஷின் அனுப்புவதெல்லாம் துளித்துளிச் சேதிகள். அதனால் அதில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த சுவிட்ச்சின் பாஸ்வேர்டு எனக்குக் கிடையாது. அது ஹெட் ஆபீஸ் கையில். போன் பண்ணினேன்.

“சார், எங்க லேப் சுவிட்ச்சை யாராவது ஃபுல்னு ஃபிக்ஸ் பண்ணீங்களா?”

“ஆமா மேடம். ஆடிட்ல சொன்னாங்க. எல்லா பிளான்ட்லயும் பழைய சுவிட்ச்சை எல்லாம் ஃபிக்ஸ் பண்ணிட்டோம். பொங்கல் லீவுல.”

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா? பொங்கல் லீவில். லீவு முடிந்து வந்த அன்றிலிருந்து மெதுவாகிவிட்டது என்று நான் எழுதாத மெயில் இல்லை.

“எங்களுக்கு ஏன் சொல்லலை?”

“அது ஹெட் ஆபீஸ் டிசிஷன் மேடம்.”

“அதனாலதான் இங்கே ஃபைல் போகலை. திருப்பி ஆட்டோல போடுங்க.”

“அதுக்கு அப்ரூவல் வேணும். ரிக்வெஸ்ட் போடுங்க, பார்க்கலாம்.”

சொல்லாமல் மாற்றுவதற்கு அனுமதி தேவையில்லை, சரிசெய்வதற்கு மட்டும் தேவை. ரிக்வெஸ்ட் போட்டேன். ஆனால் அதற்காகக் காத்திருக்க நான் தயாராக இல்லை. என் கைக்கு எட்டியது லேப் கம்ப்யூட்டர் மட்டும்தான். அதையும் சுவிட்ச்சைப் போலவே ஃபுல் என்று பூட்டினேன்.

“இப்ப அனுப்பு.”

அவள் தட்டினாள். திரையைப் பார்த்தாள். “எங்கக்கா, கோட்டையே காணோம்?”

“முடிஞ்சிடுச்சு.”

“அதுக்குள்ளயா?” இன்னொன்று அனுப்பினாள். அப்புறம் அன்றைக்குத் தேங்கிக் கிடந்தது எல்லாவற்றையும் வரிசையாக அனுப்பிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, “பாவிங்க” என்றாள்.

கேட்டில் லாரிகள் தேங்காமல் சில நாட்கள் போயின. நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன். அங்கேதான் ஏமாந்தேன். எங்கள் கம்ப்யூட்டர்களுக்குள் ஹெட் ஆபீஸ்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நான்தான் அவர்களுடைய சுவிட்ச்சை எட்டிப் பார்க்க முடியாது. அவர்கள் உள்ளே வந்து, லேப் மெஷினில் அனுமதியில்லாத மாற்றம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, நான் செய்ததைத் துடைத்துவிட்டார்கள். சுவிட்ச்சை அப்படியே விட்டுவிட்டார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கை மெயில், மேனேஜருக்கு அதன் நகல். நான் போட்ட ரிக்வெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அன்றைக்கு மாதக் கடைசி. சரக்கு மொத்தமும் வெளியே போகிற நேரம். அவள் கூப்பிட்ட உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் லேபுக்குள் நுழைந்தபோது மேனேஜரும் வந்துகொண்டிருந்தார். இடுப்பில் வாக்கி டாக்கி, கையில் என் எச்சரிக்கை மெயிலின் பிரின்ட்.

“மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?” என்றார், அவளைப் பார்த்து.

எனக்குள் ஏதோ அறுந்தது. இருபது வருஷ வேலையில் நான் மேலதிகாரியிடம் குரல் உயர்த்தியதில்லை. “சார், நீங்க உட்காருங்க” என்றேன்.

“எதுக்கு?”

“நீங்களே அனுப்புங்க. எவ்வளவு வேகமா வேலை செய்ய முடியுதுன்னு பார்ப்போம்.”

அவர் என்னை முறைத்தார். லேபில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் எழுந்து நாற்காலியைத் திருப்பி வைத்தாள். என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தார். எந்தப் படம், எதைத் தட்ட வேண்டும் என்று அவள் காட்டினாள். தட்டினார். கோடு கொஞ்சம் நகர்ந்து நின்றது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி டிரைவர் வந்து நின்றார். உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. “இன்னா சார், நாஷ்டாகூட துன்னாம நிக்கிறேன். ஒரே பேஜாரா கீது. சீக்கிரம் பேப்பர குட்து அனுப்பு சார்!”

“அனுப்பறோம்ப்பா, இரு” என்றார் மேனேஜர். கோடு நகரவில்லை. மவுஸை ஆட்டினார். மறுபடி தட்டினார். பாதியில் அறுந்தது. முதலிலிருந்து அனுப்பினார். டிரைவர் வெளியே ஏதோ முணுமுணுத்தார். மேனேஜரின் கழுத்துப் பக்கம் வேர்த்திருந்தது.

“ஏன் போக மாட்டேங்குது?” என்றார் கடைசியில்.

“இதைத்தான் சார் இந்தப் பொண்ணு உங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்தது. நீங்க அதுக்கு மெமோ குடுத்தீங்க.”

அவருடைய இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியையும் மேஜை மேல் இருந்த லேண்ட்லைன் போனையும் காட்டி, நடந்ததைச் சொன்னேன். யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள், நான் சரிசெய்ததை யார் கெடுத்தார்கள் என்று எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“இப்போ மாத்த முடியுமா?”

“முடியும். மாத்தினா எனக்கும் மெமோ வரும்.”

“நான் சொல்றேன். மாத்துங்க.”

மாற்றினேன். தட்டினார். போய்விட்டது. போனை எடுத்து ஹெட் ஆபீஸைக் கூப்பிட்டார். அவளிடம் எந்தக் குரலில் பேசினாரோ அதே குரலில் அங்கேயும் பேசினார். அவ்வளவு நாள் அனுமதி கிடைக்காத வேலை மத்தியானத்துக்குள் நடந்துவிட்டது. சுவிட்ச்சைத் திருப்பி ஆட்டோவில் போட்டார்கள், நான் லேப் மெஷினையும் ஆட்டோவுக்கு மாற்றினேன். இரண்டும் ஒழுங்காகப் பேசி ஃபுல்லில் வந்து நின்றன.

மேனேஜர் எழுந்தார். “சரி, லாரிய அனுப்புங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சாயங்காலம் ஹெட் ஆபீஸிலிருந்து எல்லாருக்கும் ஒரு மெயில். பயனாளருக்கு உரிய வழிகாட்டல் வழங்கப்பட்டு, லேப் பிரச்சினை தீர்த்து வைக்கப்பட்டது என்று. பஸ்ஸில் போனில் படித்தேன். யார் யாருக்கு வழிகாட்டினார்கள்? பக்கத்து சீட்டில் இருந்தவர் என்ன மேடம் என்று கேட்கிற அளவுக்கு என் முகம் மாறியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்து, அத்தனை பேருக்கும் பதில் எழுதினேன். பொங்கல் விடுமுறையில் நீங்கள் எங்களிடம் சொல்லாமல் செய்த மாற்றத்தால் வந்த கோளாறு இது, பயனாளர் எந்தத் தவறும் செய்யவில்லை, அவருக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெற வேண்டும். அவ்வளவுதான் எழுதினேன். மரியாதைக் குறைவாக ஒரு சொல் இல்லை.

மறுநாள் எச்.ஆர். ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். “மேடம், இவ்வளவு காட்டமா எல்லாருக்கும் எழுதணுமா?” என்று கேட்டார். பொய்யை எல்லாருக்கும் எழுதினார்களே, அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டீர்களா என்றேன். பிறகு ஒரு வழி சொன்னார். அந்தப் பெண் வருத்தம் தெரிவித்து ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தால், மெமோவை அத்தோடு முடித்துவிடலாமாம்.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னோம்.

“எதுக்கு சார் வருத்தம்?”

“ஒரு ஃபார்மாலிட்டிம்மா. சும்மா ஒரு வரி.”

“நான் இன்னா தப்பு பண்ணேன்னு அந்த ஒரு வரில எழுதறது? நீங்களே சொல்லுங்க, எழுதறேன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை.

“தப்பு பண்ணவங்க எழுதட்டும் சார்” என்று சொல்லிவிட்டு அவள் லேபுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் அந்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தார்கள். அவள் எழுதவில்லை. நான் மெயிலில் நினைவூட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில், மெமோ ரத்து செய்யப்படுகிறது என்று மட்டும் ஒரு தாள் வந்தது. ஏன் கொடுத்தோம், ஏன் ரத்து செய்கிறோம் என்று ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் லேப் இன்சார்ஜ் பதவி காலியானது. எல்லாருக்கும் மேல் அனுபவம் அவளுக்குத்தான். வேறொருவருக்குப் போனது. எச்.ஆரிடம் போய்க் கேட்டேன்.

“ஃபைல்ல ஒரு மெமோ இருந்தது மேடம். அதைப் பார்த்துட்டாங்க.”

“அதான் ரத்தாயிடுச்சே!”

“ரத்தானதும் ஃபைல்லதானே இருக்கு.”

நான் கத்தியிருப்பேன். அதற்குள் அவளே நேராக மேனேஜர் அறைக்குப் போய்விட்டாள். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். சுத்தியல் சத்தத்தில் உள்ளே பேசியது எதுவும் கேட்கவில்லை. அவள் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, நடை மட்டும் நிதானமாக இருந்தது.

“இன்னா சொன்னாரு?” என்றேன். எனக்கும் அவள் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

“அடுத்த வாட்டி பாக்கலாம்னாரு. அடுத்த வாட்டியும் வந்து கேப்பேன்னு சொல்ட்டு வந்துட்டேன்.”

அடுத்த வருஷம் கொடுத்தார்கள். கான்பரன்ஸ் ஹாலில் எல்லாரையும் உட்காரவைத்து, மேனேஜரே கைகுலுக்கி, இனிப்புப் பெட்டியும் கொடுத்தார். திறமைக்கு இங்கே எப்போதும் மதிப்பு உண்டு என்று ஒரு சின்னப் பேச்சு வேறு. எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

வெளியே வந்ததும் அவள் பெட்டியைத் திறந்து என் முன்னால் நீட்டினாள்.

“எடுங்கக்கா. ஸ்வீட்ட வாங்கிக்கினேன். தேங்க்ஸ் மட்டும் சொல்லல.”